பதினொரு இடம் எண்டு வெளிக்கிட்ட சனிக்கிழமை: கொழும்பில ஒரு குடும்பத்தின்ர ஒரு நாள்

ஏப்ரல் ஸ்கூல் லீவுக்கு வவுனியாவில இருந்து அக்கா குடும்பம் வெள்ளவத்தைக்கு எங்கட வீட்ட வந்து நிண்டவை, சித்திரை வருசத்துக்கு முதல் வாற சனிக்கிழமை முழுக்கக் கொழும்பைச் சுத்திப் பாக்கிறதெண்டு முடிவாச்சு. அந்த ஒரு நாளைத்தான் இங்க எடுத்து வச்சுப் பாக்கப் போறன், எது சரிவந்துது, எது கைநழுவிப் போச்சு, ஏன் எண்டு. வயசானவையையும் பிள்ளையளையும் சேத்துக் கூட்டிக்கொண்டு கொழும்பு பாக்க நினைக்கிற ஆக்களுக்கு உதவும்.

ஆக்கள் எட்டுப் பேர். அப்பாக்கு 74 வயசு, வலது முழங்கால் சரியில்லை, ஆனா ஸ்கூலில வரலாறு படிப்பிச்சு ரிட்டயர் ஆனவர், அது பின்னுக்கு முக்கியம். அம்மாக்கு சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிட வேணும், சனிக்கிழமை சைவம் வேற. அக்கா, அத்தான், மூத்த மருமகன் 13, அவனுக்குக் கீழ 8 வயசுப் பெட்டை, ரெண்டு வயசுக் கடைக்குட்டி தள்ளுவண்டிலோட. எட்டாவது நான், வழி தெரிஞ்சவன் எண்டு.

திட்டம் போட்டது அத்தான். மனுசன் வேலையிலயும் எக்ஸெல், வீட்டிலயும் எக்ஸெல். கொச்சிக்கடை சிவன் கோயில், அந்தோனியார் கோயில், புறக்கோட்டை சிவப்புப் பள்ளிவாசல், டச்சு மியூசியம், கோட்டையில டச்சு ஹொஸ்பிட்டல், கங்காராமய பௌத்த விகாரை, தேசிய மியூசியம், சுதந்திர சதுக்கம், தாமரைக் கோபுரம், கோட்டே பார்லிமென்ட், கடைசியா காலிமுகத்திடல். பதினொரு இடம். "மச்சான், மெப்பில பாத்தனான், எல்லாம் கிட்டக் கிட்ட, ஒரு இடத்துக்கு 30 நிமிசம், ஓட்டத்துக்கு 15 நிமிசம், பிரச்சினையே இல்ல" எண்டார். மெப்பில கிட்டத்தான், அதில பொய் இல்ல. அந்த ஷீட்டில ஓட்டத்துக்கு ஒரு கொலம், பாக்கிறதுக்கு ஒரு கொலம், டிக்கட்டுக்கு ஒரு கொலம், இவ்வளவும்தான்.

கடைசியில பாத்து முடிஞ்சது அந்தப் பதினொண்டில நாலு, அஞ்சாவது ஓட்டோவுக்குள்ள இருந்து எட்டிப் பாத்தது. அதோட ஷீட்டில இல்லாத ஒரு இடம். எண்டாலும் நாள் நல்ல நாள்தான் எண்டு எட்டுப் பேரும் சொல்லிச்சினம், அத்தான் உட்பட. அதுதான் எனக்கு யோசிக்க வச்சது.

காலமை நடந்தது

வெள்ளவத்தையில காலமை ஆறே முக்கால் போல கோச்சி ஏறினம். இதை ஆர் கேட்டாலும் சொல்லுவன், காலி வீதியில 100, 101 பஸ் ஓடும்தான், ஆனா பிள்ளையளோட கோட்டைக்குப் போறதெண்டா கோச்சிதான், இடது பக்க ஜன்னல், பம்பலப்பிட்டி கொள்ளுப்பிட்டி எல்லாம் தண்டவாளத்துக்குப் பக்கத்திலயே கடல், டிக்கட் ஒரு தேத்தண்ணிக் காசு கூட வராது. சனிக்கிழமை எண்டபடியா ஒபிஸ் சனம் குறைவு, அப்பாக்கும் அம்மாக்கும் சீட் கிடைச்சுது. கோட்டை ஸ்டேசன் 1917ல திறந்த கட்டடம், வெளியால ஒல்கொட் சிலை (இங்க பௌத்த மறுமலர்ச்சிக்கு உதவின அமெரிக்கர்), அதில ஒரு போட்டோ, பிறகு மூண்டு ஓட்டோ பிடிச்சு நேர கொச்சிக்கடை.

பொன்னம்பலவாணேசர் கோயிலை முதல் இடமாப் போட்டது அத்தான்ர ஷீட்டில இருந்த மிகச் சரியான முடிவு. மத்தியானம் நடை சாத்தினா பின்னேரம்தான் திறப்பினம், அதால கோயிலைக் காலமை முடிக்கவேணும். 1857ல பொன்னம்பல முதலியார் கட்டினது, பேந்து அவற்ற மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரை முழுக்கக் கருங்கல்லில திருப்பிக் கட்டினார், தென்னிந்தியக் கோயில் மாதிரியே. கொழும்பில இருக்கிற கோயில்கள் கனக்க சீமெந்தும் பெயின்டும்தான், இது உள்ள போனாலே வேற, கல்லுத் தூண், கொஞ்சம் இருட்டு, குளிர்ச்சி. அம்மா கும்பிட்டுப்போட்டு மண்டபத்துக் கல்லுத்தரையில இருந்தா, அப்பா பக்கத்தில தூணோட சாஞ்சு இருந்தார், பெட்டை வந்து "ஏன் தாத்தா இங்க எல்லாம் கறுப்பு" எண்டு கேக்க இராமநாதன் கதை தொடங்கி அரை மணித்தியாலம் போச்சு. ஷீட்டில 30 நிமிசம், நாங்கள் நிண்டது ஒண்டேகால் மணித்தியாலம்.

அங்கேயே முதல் பாடம் கிடைச்சுது, செருப்பு. எட்டுப் பேர் செருப்புக் கழட்டி, ஆம்பிளையள் மேல்சட்டை கழட்டி, கால் கழுவி, திரும்பி வந்து கடைக்குட்டியின்ர சப்பாத்து ஒண்டைக் காணேல்ல எண்டு தேடி, அப்பா குனிஞ்சு போடேலாது எண்டு மருமகன் போட்டுவிட, ஒரு தரத்துக்கு லேசா 15 நிமிசம். அத்தான்ர லிஸ்டில செருப்புக் கழட்டிற இடம் எத்தினை எண்டு பிறகு எண்ணிப் பாத்தம், கோயில், பள்ளி, கங்காராமய எண்டு கூட்டினா கிட்டத்தட்ட முக்கால் மணித்தியாலம் செருப்புக்கே போகுது. இதை ஒரு கூகிளும் சொல்லாது.

அந்தோனியார் கோயில் அங்க இருந்து நடை தூரம். சைவக்காரர் அங்க ஏன் போறீங்கள் எண்டு வவுனியா ஆக்கள் கேப்பினம், கொழும்பில இருக்கிறவைக்கு அது கேள்வியே இல்ல, செவ்வாய்க்கிழமையில போய்ப் பாத்தா சைவம், கிறிஸ்தவம், பௌத்தம் எல்லாச் சனமும் நிக்கும், அம்மா கல்யாணம் முடிச்ச காலத்தில இருந்து நேத்தி வைக்கிறவ. (செவ்வாயில குடும்பத்தோட வராதேங்கோ, நிக்க இடம் வராது.) வாசலில பேக் செக் பண்ணிச்சினம். மருமகன் ஏன் எண்டு கேக்க அக்கா மெல்லமாச் சொன்னா, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு, குண்டு இங்கயும்தான் வெடிச்சது எண்டு. கோயிலைத் திருத்தி அதே வருசம் ஜூனிலயே திறந்திட்டினம். உள்ள கனநேரம் நிக்கேல்ல, கதைக்கவும் இல்ல.

பிழைச்ச இடம்

பத்து மணிக்குச் செட்டியார் தெரு. இதுதான் நாள் உடைஞ்ச இடம், ஏன் எண்டு கொஞ்சம் விளக்கமாப் பாக்கவேணும், ஏனெண்டா மேல பாத்தா "வெயில்" எண்டு ஒரு சொல்லில முடிச்சிடலாம் போல இருக்கும், ஆனா மூண்டு நாலு விசயம் ஒண்டா வந்து விழுந்தது.

ஒண்டு, தேதி. சித்திரை வருசத்துக்கு முதல் சனிக்கிழமை எண்டா புறக்கோட்டை எப்பிடி இருக்கும் எண்டு கொழும்பு ஆக்களுக்குத் தெரியும், உடுப்பு எடுக்கிற சனம் நாட்டின்ர நாலா பக்கத்தாலயும் வந்து இறங்கும், நடைபாதை முழுக்கக் கடை, மூட்டை சுமக்கிற நாட்டாமைமார் வண்டில் தள்ளிக்கொண்டு கத்திக்கொண்டு வருவினம், தள்ளுவண்டிலை ரோட்டில இறக்கவும் ஏலாது நடைபாதையில ஏத்தவும் ஏலாது. ஞாயிறு எண்டா பெரிய கடையள் கனக்கப் பூட்டு, கட்டடங்களை வடிவா நிண்டு பாக்கலாம். ஷீட்டில சனியா ஞாயிறா எண்டது ஆக்களின்ர லீவை வச்சு முடிவு பண்ணினது, புறக்கோட்டையைக் கேட்டு முடிவு பண்ணேல்ல.

ரெண்டு, வெயில், அதுவும் சும்மா வெயில் இல்ல. ஏப்ரல் முதல் பாதியில சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில வரும், மத்தியானத்தில நிழலே காலுக்குக் கீழதான் விழும், ரெண்டு பக்கமும் கடை இருந்தாலும் ஒரு பக்கத்திலயும் ஒதுங்க நிழல் இல்ல. அதுக்கு மேல கொழும்பு வேர்வை, வவுனியா வெயிலில வளந்த பிள்ளையளே "இது வேற மாதிரி ஒட்டுது" எண்டுதுகள்.

மூண்டு, இருக்க இடம் இல்ல. செட்டியார் தெருவில நகைக்கடைக்குள்ள போனா கதிரை தருவினம், ஆனா நகை வாங்கிறவைக்கு. கதிரேசன் கோயில் வாசல் வரை போனம், ஆடிவேல் தேர் வெளிக்கிடுற கோயில் எண்டு அப்பா தொடங்கினார், பாதியில விட்டிட்டார், ஏன் எண்டு பாத்தா காலைத் தடவிக்கொண்டு மதிலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். நாலு, அம்மாக்குக் கை நடுங்கத் தொடங்கிச்சு. காலமை ஆறு மணிக்கு ரெண்டு இடியப்பம் சாப்பிட்டவ, ஷீட்டில மத்தியானச் சாப்பாடு ஒண்டரைக்கு கோட்டையில. ஹேன்ட்பேக்கில இருந்த பிஸ்கட்டும் ஒரு இனிப்புத் தேத்தண்ணியும் குடுத்து ஒரு கடை வாசல் ஸ்டூலில இருத்தினம், கடைக்காரர் நல்ல மனுசன், ஃபானையும் திருப்பி விட்டார்.

அந்த நேரம் அப்பில புக் பண்ணின வானும் கான்சல், சனத்துக்குள்ள உள்ள வரேலாது எண்டு டிரைவர் சொன்னார், அவரையும் குறை சொல்லேலாது. அத்தான் ஃபோனைப் பாத்து "டச்சு மியூசியத்துக்கு இன்னும் 600 மீட்டர்தான்" எண்டார். அக்கா ஒரு பார்வை பாத்தா. அதோட அவர் ஃபோனைப் பொக்கட்டுக்குள்ள வச்சிட்டார்.

ஷீட்டில இல்லாத இடம்

ரெண்டு ஓட்டோவை மறிச்சு, சனத்தில இருந்து வெளியால போனா காணும் எண்டு மேல ஏத்தச் சொன்னன், வுல்ஃபெண்டால் தேவாலயத்தடியில இறங்கினம். ஒல்லாந்தர் 1749ல கட்டத் தொடங்கி 1757ல முடிச்ச கோயில், மேட்டில நிக்குது, முன்னுக்கு மரம், காவலாளி கதவைத் திறந்துவிட்டார். சுவர் கிட்டத்தட்ட அஞ்சடி மொத்தம். உள்ள போன உடன கடைக்குட்டி வண்டிலில நித்திரை. ஃபான் இல்லாமலே அந்தக் குளிர்ச்சி, பழைய மர வாங்குகள், அப்பா காலை நீட்டி இருந்தார், அம்மாக்கு முகம் தெளிஞ்சுது.

இருந்த பிறகுதான் அப்பா கதைக்கத் தொடங்கினார். தரையில பதிச்சிருக்கிற பெரிய கல்லறைக் கற்களைக் காட்டி, ஒல்லாந்த ஆளுநர்மாரின்ர எலும்புகளையும் கற்களையும் கோட்டைக்குள்ள இருந்த பழைய கோயிலில இருந்து 1813ல வெள்ளைக்காரர் காலத்தில இங்க கொண்டு வந்தவை எண்டார். மருமகன் உடன, கோட்டை எண்டா எங்க தாத்தா, காலமை இறங்கின இடத்தில ஒரு கோட்டையும் காணேல்லயே எண்டான். அது நல்ல கேள்வி. போர்த்துக்கேயர் 1505ல வந்து 1518ல கோட்டை கட்டினது, 1656ல ஒல்லாந்தர் பிடிச்சது, 1796ல இங்கிலீஸ்காரன் எடுத்தது, பிறகு 1870 அளவில அவனே மதிலை இடிச்சு ரோட்டும் ஒபிஸும் போட்டது, பேர் மட்டும் மிச்சம், கோட்டைக்கு வெளியால இருந்தது புறக்கோட்டை எண்டு அப்பா அடுக்கிக்கொண்டு போக, அவன் விடேல்ல, "ஆனா தாத்தா, தலைநகர் கொழும்பு இல்ல, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே எண்டு புக்கில கிடக்கு" எண்டான்.

அப்பா சிரிச்சார். ரெண்டும் சரிதான், ஆனா கோட்டேதான் மூத்தது எண்டார். ஆறாம் பராக்கிரமபாகு 15ம் நூற்றாண்டில ஆண்ட தலைநகர் அது, அவற்ற ஆள் சப்புமல் குமாரயா போய் யாழ்ப்பாண ராச்சியத்தையே பிடிச்சவன், பிறகு 1565ல போர்த்துக்கேயர் கோட்டேயைக் காக்கேலாமல் விட்டிட்டுக் கொழும்புக்கு வந்திட்டினம், 1982ல பார்லிமென்டை அங்க கொண்டு போய் வச்சு மறுபடியும் தலைநகர் ஆக்கினம். 13 வயசுப் பெடியன் ஃபோனை எடுக்காமல் முக்கால் மணித்தியாலம் கேட்டுக்கொண்டு இருந்தான். அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினா.

சாப்பாடு பன்னெண்டு மணிக்கே ஒரு சைவக் கடையில. பிறகு தேசிய மியூசியத்துக்கு வெளிக்கிட்ட வழியில, ரெண்டாம் குறுக்குத் தெருச் சிவப்புப் பள்ளி, 1908–09ல கட்டினது, சிவப்பும் வெள்ளையும் வரி வரியா, ஓட்டோ நெரிசலில நிண்ட நேரம் ஆறுதலாப் பாத்தம், பெட்டை வாயைப் பிளந்தாள். இறங்கேல்ல. இறங்கவேணும் எண்டு ஒருத்தரும் கேக்கவும் இல்ல.

பின்னேரம்

தேசிய மியூசியம் 1877ல திறந்தது, ஆளுநர் வில்லியம் கிரெகறி காலத்தில, கட்டினவர் வாப்பிச்சி மரிக்கார். (அவர் கூலிக்குப் பதிலா வெள்ளிக்கிழமையில மியூசியத்தைப் பூட்ட வேணும் எண்டு கேட்டவர் எண்டு ஒரு கதை கொழும்பில சொல்லுவினம், நல்ல கதை.) ஷீட்டில இதுக்கும் 30 நிமிசம்தான். நாங்கள் ஒண்டேகாலில இருந்து நாலு தாண்டியும் அங்கதான்.

ஏன் அங்க சரிவந்தது எண்டா, கூரை, டொய்லட், தள்ளுவண்டில் ஓடக்கூடிய சமதரை, இருக்கிறதுக்கு விறாந்தை, எல்லாம் ஒரே இடத்தில. ஏலாதவை இருக்க, ஏலுமானவை சுத்திப்போட்டு வந்து சொல்ல, பேந்து மாறிப் போக. மூண்டரைக்கு இடியோட மழை கொட்டினது, ஏப்ரலில பின்னேர மழை வழமைதான், அத்தான்ர ஷீட்படி அந்த நேரம் நாங்கள் சுதந்திர சதுக்கத்தில நிக்கவேணும்.

பிள்ளையள் நிண்டு பாத்தது ரெண்டு சாமான். ஒண்டு கண்டி ராசாவின்ர சிம்மாசனம். 1693ல ஒல்லாந்தர் ரெண்டாம் விமலதர்மசூரியனுக்குக் குடுத்தது, 1815ல கண்டி விழ இங்கிலாந்துக்குக் கொண்டு போய் வின்ட்சர் மாளிகையில வச்சிருந்து 1934ல திருப்பித் தந்தவை. கடைசியா அதில இருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழி, சொந்தப் பேர் கண்ணுசாமி, வேலூரில சிறையிருந்து 1832ல அங்கயே செத்தவர் எண்டு அப்பா விறாந்தையில இருந்து சொல்ல, பெட்டை ஓடிப்போய்த் திரும்ப ஒருக்கா கதிரையைப் பாத்திட்டு வந்தாள்.

மற்றது காலியில 1911ல கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 600 வருசத்துக்கு முதல் கொண்டு வந்து நாட்டினது, 1409 எண்டு தேதி இருக்கு, சீனம், தமிழ், பாரசீகம் மூண்டிலயும் வெட்டியிருக்கு, சீனத்தில புத்தருக்கு, தமிழில தேவிநுவரக் கோயில் தெய்வம் தெனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில அல்லாவுக்கு, காணிக்கைப் பட்டியல் மூண்டிலயும் கிட்டத்தட்ட ஒண்டுதான். மருமகன் தேஞ்ச கல்லில மூக்கை வச்சு எழுத்துத் தேடினான், ரெண்டு மூண்டு எழுத்துப் பிடிபட்டுது. பொலன்னறுவையில கிடைச்ச வெண்கல நடராஜரைக் கண்ட உடன அம்மா செருப்பைக் கழட்டப் பாத்தா, அக்கா கையைப் பிடிச்சு இழுத்தா.

மழை விட்டு அஞ்சரைக்கு காலிமுகத்திடல். மழைக்குப் பிறகு போனது நல்லாப் போச்சு, தரை சூடில்ல, காத்து, பட்டம். இறால் வடை சனிக்கிழமை அம்மாக்கு இல்ல, மற்றவை அவவின்ர பங்கையும் சேத்துச் சாப்பிட்டம். அங்க ஒரு பழைய கல் இருக்கு, இந்த உலாவிற வழியை ஆளுநர் ஹென்றி வோர்ட் 1856ல தொடங்கி 1859ல முடிச்சு, கொழும்புப் பெண்கள் பிள்ளையளின்ர நன்மைக்காக இதைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு தனக்குப் பிறகு வாறவைக்குச் சிபாரிசு பண்ணினது. அக்கா அதை ரெண்டு தரம் வாசிச்சா.

அப்பா கடலைப் பாத்து இருக்கேல்ல, மற்றப் பக்கம் திரும்பி பழைய பார்லிமென்டைப் பாத்துக்கொண்டு இருந்தார். 1930ல திறந்த கட்டடம், இப்ப ஜனாதிபதி செயலகம். 1956 ஜூன் 5, தனிச் சிங்களச் சட்டத்தை உள்ள எடுக்கேக்க, தமிழரசுக் கட்சிச் செல்வநாயகம் ஆக்கள் இந்தப் புல்லில சத்தியாக்கிரகம் இருந்து அடி வாங்கினவை, அப்பாக்கு அப்ப அஞ்சு வயசு, அவற்ற தகப்பன் சொல்லிக் கேட்டது. பிறகு 2016 பெப்ரவரி 4 சுதந்திர தினத்தில இதே திடலில தேசிய கீதத்தைத் தமிழில பாடினவை, அதை டிவியில பாத்தவர். மருமகன் "அடிச்சவை ஆர், பொலிஸ் என்ன செய்தது" எண்டு கேட்டுக்கொண்டே போனான், அப்பா ஒண்டையும் மறைக்காமல் சொன்னார்.

இனி ஏன் எண்டு

முதல் நான் நினைச்சது, வழமையாச் சொல்லுற மாதிரி, இடம் கூடிப்போச்சு, குறைச்சிருந்தா சரி எண்டு. ஆனா அது முழுக்கச் சரியில்லை. ஏழு இடம் போட்டிருந்தாலும் செட்டியார் தெருவில அதே நேரம் அதே மாதிரித்தான் உடைஞ்சிருக்கும்.

ரெண்டு கிழமை கழிச்சு வவுனியாவுக்கு ஃபோன் எடுத்து பிள்ளையளிட்ட தனித்தனியாக் கேட்டுப் பாத்தன், என்ன ஞாபகம் எண்டு. இராமநாதன், கல்லறைக் கல், கோட்டே, சிம்மாசனம், மூண்டு மொழிக் கல்லு, 1956. பெட்டைக்கு இறால் வடையும் கோச்சியும் கூட. கதிரேசன் கோயில் ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்ல, ஒல்கொட் ஆர் எண்டே தெரியேல்ல. இதை வச்சுப் பாத்தா ஒரு கோடு தெரியுது, அப்பா எங்கயெல்லாம் இருந்தாரோ அங்க பாத்தது நிண்டிருக்கு, அவர் நிண்டுகொண்டு சொன்ன இடம் ஒண்டும் நிக்கேல்ல. அந்தோனியார் கோயில் மட்டும் விலக்கு, அங்க அப்பா ஒண்டும் சொல்லாமலே பெடியனுக்கு ஞாபகம்.

அதால வாங்கு, கதிரை எல்லாம் களைப்பாறத்தான் எண்டு நினைக்கிறது பிழை. எங்கட குடும்பத்தில கைட் அப்பாதான், கைடுக்குக் கால் ஏலாது, அவர் இருந்தாத்தான் கதை வரும், கதை வந்தாத்தான் பெடியன் ஃபோனை வைப்பான். காசு குடுத்துக் கைட் பிடிச்சிருந்தா இந்தக் கணக்கு வேற மாதிரி வந்திருக்கும், உங்கட வீட்டில ஆர் கதை சொல்லுறவை எண்டு பாத்து அவையின்ர உடம்புக்கு ஏத்தமாதிரித்தான் நாளைப் போடவேணும். மற்றது ஒழுங்கு: மெப்பில எது கிட்ட எண்டு பாக்காமல், எது மத்தியானம் பூட்டும், எதுக்குக் கூரை இருக்கு, எது பின்னேரம்தான் நல்லம் எண்டு பாத்து அடுக்கினா கோயில் காலமை, மியூசியம் மத்தியானம், திடல் பின்னேரம் எண்டு தானா வந்து விழும், ஓட்டோக் காசு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சீனி உள்ளவைக்கு சாப்பாட்டு நேரத்தை முதல் எழுதிப்போட்டு மிச்சத்தை அதைச் சுத்திப் போடுங்கோ.

அத்தான் இதில முழுக்க உடன்படேல்ல எண்டதையும் சொல்லவேணும். அவற்ற கதை என்னெண்டா, பதினொண்டு எண்டு போட்டபடியாத்தான் காலமை ஆறே முக்காலுக்கு வெளிக்கிட்டது, நாலு எண்டு போட்டிருந்தா பத்து மணிக்குத்தான் வீட்டு வாசலைத் தாண்டியிருப்பம், கோயிலும் பூட்டியிருக்கும். அதிலயும் விசயம் இருக்கு, எங்கட குடும்பத்தை அவருக்குத் தெரியும்.

தாமரைக் கோபுரம் பெட்டைக்கு இன்னும் கடன். கோட்டேயை ஆகஸ்ட் லீவுக்குத் தனி நாளா வச்சிருக்கிறம், எத்துல் கோட்டேயில மிஞ்சின மதில் துண்டு, அழகேஸ்வர இடிபாடு, பிறகு தியவன்னா வாவிக் கரையில நிண்டு ஜெஃப்ரி பாவா கட்டின பார்லிமென்ட். கனக்க இடம் திறந்த வெளி, கூரை குறைவு. அத்தான் புது ஷீட் அனுப்பியிருக்கிறார், "அப்பா இருக்கிற இடம்" எண்டு ஒரு கொலம் கூட்டி, அதில தியத்த உயன பூங்காவுக்கு நேர மட்டும்தான் இப்பத்தைக்கு டிக் விழுந்திருக்கு, மிச்சத்துக்கு ஒரு மடக்குக் கதிரை வாங்கிறதா எண்டு வட்ஸ்அப்பில கதை நடக்குது.